கல்யாணப் பத்திரிகையில் ஒரு ஓட்டை

போன மாதம் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு கண்ணாடிக் கடைப் பெண் என் கையில் கறுப்பு பிளாஸ்டிக் கரண்டி ஒன்றைக் கொடுத்தாள். கரண்டி முழுக்கப் பொடிப்பொடி ஓட்டை. ஒரு கண்ணை மூடிக்கொண்டு அதன் வழியாகச் சுவரில் இருந்த எழுத்துகளைப் பார்க்கச் சொன்னாள்.

"தெரியுதா அய்யா?"

"தெரியுது."

"இத்தன வருசம் கண்ணாடி போடாம எப்படி இருந்திய?"

சும்மாதான் இருந்தேன் என்றேன்.

நானாகப் போகவில்லை. மகள் இழுத்துக்கொண்டு போனாள். அவளைப் பெண் கேட்டு வந்த வீட்டுப் பெரியவர், இராஜபாளையம் பஸ் ஸ்டாண்டில் எனக்குக் கும்பிடு போட்டிருக்கிறார். நான் பாட்டுக்குப் போய்விட்டேன். அந்தத் தூரத்தில் மனுசன் என்றால் எனக்கு ஒரு வேட்டி, அதற்கு மேலே கொஞ்சம் கறுப்பு. அவ்வளவுதான். அவர் வீட்டில் போய், "சம்பந்தம் பேசும்போதே மதிக்க மாட்டேங்காரு" என்று சொல்லிவிட்டார்.

அந்தப் பெண் கரண்டியை ஏதோ புதுச் சாமான் போல நீட்டினாள். எனக்கு அது பழைய சாமான். பத்தாம் வகுப்பில் என்னிடம் ஒன்று இருந்தது. பிளாஸ்டிக் இல்லை, கல்யாணப் பத்திரிகை அட்டை. ஓட்டையும் ஒன்றுதான்.

அப்போது எங்கள் வீடு ஸ்ரீவில்லிபுத்தூரில். அப்பாவுக்கு இராஜபாளையத்தில், பேண்டேஜ் துணி நெய்கிற தறியில் வேலை. "பாஸானா படி. பெயிலானா தறிக்கு வா. எனக்கு ரெண்டும் சம்மதம்" என்பார். எனக்குச் சம்மதமில்லை. செங்கோட்டை பாசஞ்சர் ரயிலை ஓட்ட வேண்டும் என்று ஆசை. சிக்னல் தெரியாத ஆளுக்கு வந்த ஆசையைப் பாருங்கள்.

நான் உயரம். அதனால் கடைசி பெஞ்சு. அங்கிருந்து பார்த்தால் கரும்பலகையில் வெள்ளையாக மேகம் போல ஏதோ இருக்கும். எல்லாருக்கும் அப்படித்தான் தெரியும் என்று நினைத்திருந்தேன். போர்டில் எழுதுவது முன் பெஞ்சுக்காரர்களுக்கு, பின்னால் இருப்பவன் கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும். ஊரில் மற்ற எல்லாமும் அப்படித்தானே நடந்தது. பள்ளிக்கூடம் மட்டும் வேறு மாதிரியா இருக்கும்?

எனக்காகப் பார்த்தவன் பக்கத்தில் உட்கார்ந்திருந்த சீனி. அவன் வரைவதைப் பார்த்து நான் வரைவேன். கண் படத்தில் அவன் தன் இஷ்டத்துக்கு இமைமயிர் போட்டால் நானும் போடுவேன். அவனுக்கு இரண்டு அடி விழுந்தால் எனக்கு நாலு. அவனுக்குத் தப்பாக வரைந்ததற்கு. எனக்குத் தப்பைக் காப்பி அடித்ததற்கு.

அடித்தவர் சயின்ஸ் சார். நாங்கள் வைத்த பெயர் தண்டுவடம். நரம்பு மண்டலம் நடத்தும்போது கிடைத்த பெயர். சில காரியங்கள் மூளைக்குப் போகாமலே நடக்கும், தண்டுவடமே முடிவெடுத்துவிடும், அதுதான் அனிச்சைச் செயல் என்றார் அவர். அவர் கை ஓங்குவதும் அப்படித்தான் என்று சீனி கண்டுபிடித்தான்.

அந்தப் பாடத்துக்குப் புளிய விளாரோடு வருவார்.

"கைய நீட்டுலே."

நீட்டுவோம். விளார் இறங்கும்போது கை தானாகப் பின்னால் போகும்.

"யாருலே இழுக்கச் சொன்னா?" இரண்டு கூடுதலாக விழும். "இப்ப நடந்தது என்ன?"

"அனிச்சைச் செயல் சார். நம் விருப்பத்திற்கு உட்பட்டதன்று சார்."

"ம். உக்காரு."

விருப்பத்திற்கு உட்படாத காரியத்துக்கு எதற்கு அடி என்று யாரும் கேட்கவில்லை. அது பாடத்தில் இல்லை.

கண் பாடத்தில் நான்தான் ராஜா. "கிட்டப்பார்வை உடையவர்களால் தொலைவில் உள்ள பொருள்களைத் தெளிவாகக் காண இயலாது. குழிலென்சு பயன்படுத்தி இக்குறையைச் சரிசெய்யலாம்." காதால் கேட்டே படித்தவன் நான். ஒரு எழுத்து பிசகாது. அது யாரைப் பற்றியது என்று மட்டும் யோசித்ததே இல்லை. பாடப்புத்தகத்தில் நோய் வருகிறவர்கள் எல்லாரும் வேறு ஊர்க்காரர்கள் என்று எண்ணம். சாரும் அப்படித்தான் எண்ணியிருப்பார். கடைசி பெஞ்சில் ஒருவன் கண்ணை இடுக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்க, அவனுக்கே கிட்டப்பார்வையைப் பற்றி அவர் நாள்கணக்கில் நடத்தினார்.

பாவை என்பது கண்ணில் இருக்கும் வெறும் ஓட்டை, அது வழியாகத்தான் வெளிச்சம் போகிறது என்று காட்டுவதற்காக, ஒரு நாள் ஆளுக்கொரு அட்டை கொண்டுவரச் சொன்னார். நான் யாரோ ஒருவர் கல்யாணப் பத்திரிகையை வெட்டிக் கொண்டுபோனேன். ஊக்குக்குப் பஞ்சமில்லை. எங்கள் சட்டைகளில் பாதிப் பொத்தான் ஊக்குதான். குத்தினோம். பார்த்தோம்.

போர்டில் எழுத்து இருந்தது.

மேகம் இல்லை. எழுத்து. மேலே தேதி, நடுவில் கண் படம், அதிலிருந்து அம்புக்குறிகள். சார் கன்னத்தில் ஒரு மச்சம். அவர் என்னையே முறைத்துக்கொண்டிருந்ததும் அப்போதுதான் தெரிந்தது. ஜன்னல் பக்கம் திரும்பினேன். கோயில் கோபுரம் முழுக்கக் குட்டிக் குட்டி மாடங்கள், தூண்கள். பிறந்ததிலிருந்து பார்க்கிற கோபுரம். வழுவழுவென்று கட்டியிருக்கிறார்கள் என்று நினைத்திருந்தேன்.

அதற்குப் பிறகு அட்டை கண்ணை விட்டு இறங்கவில்லை. சார் பிடுங்கிக் கிழித்தார். வேறு செய்தேன். பத்திரிகையில் மிச்சம் நிறைய இருந்தது. ஆய்வுக்கு அதிகாரி வருகிறார் என்றதும் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"நாளைக்கு மட்டும் அந்தக் கோமாளித்தனம் பண்ணுன, கைய ஒடிச்சிருவேன்."

ஆய்வு அன்றைக்குச் சீனியை முதல் பெஞ்சுக்கு மாற்றிவிட்டார். அவன் சட்டை புதுசு. எனக்குப் பக்கத்தில் யாருமில்லை.

அதிகாரிக்குத் தடித்த கண்ணாடி. வந்ததும் கையை நீட்டினார்.

"அந்த உயரமான பையன் சொல்லட்டும். கிட்டப்பார்வைன்னா என்ன?"

மழை போலக் கொட்டினேன்.

"பலே. போர்டுல கடைசி அம்புக்குறி காட்டுதே, அது எந்த பாகம்?"

மேகம். சாரைப் பார்த்தேன். சாரும் மேகம்தான். ஆனால் முறைக்கிறார் என்று தெரியும். சொல்லாவிட்டால் பெயில், பெயிலானால் தறி. சொல்ல வேண்டுமானால் அட்டை. எடுத்துக் கண்ணில் வைத்தேன்.

"பார்வை நரம்பு சார்."

"கையில என்ன அது?"

"அட்டை சார். இது வழியாப் பாத்தாத்தான் போர்டு தெரியும் சார்."

சாரின் கை எழும்பியது, பாதியில் நின்றது. அன்று ஒரு நாள்தான் அது மூளையைக் கேட்டுவிட்டு நின்றது.

அதிகாரி நடந்து வந்து அட்டையை வாங்கினார். தன் கண்ணாடியைக் கழற்றினார். ஓட்டை வழியாகப் போர்டைப் பார்த்தார். ஜன்னலுக்குப் போய்க் கோபுரத்தைப் பார்த்தார். "அட!" என்றார். செத்த நேரம் அங்கேயே நின்றார். இப்போது என் கண்ணைப் பற்றி ஏதோ சொல்லப்போகிறார் என்று நானும் நின்றேன்.

"செலவில்லாத கற்பித்தல் உபகரணம். எல்லாப் பள்ளிக்கூடத்துலயும் செய்யணும்" என்று சார் தோளில் தட்டினார். அட்டையைத் தன் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். என்னைப் பார்த்து, "உக்காரு" என்றார்.

அவர் போன பிறகு சார் என் பெஞ்சுக்கு வந்தார். கையில் விளார் இல்லை.

"ஒனக்கு நெசமாவே தெரியாதாலே?"

"தெரியாது சார்."

"வேற அட்டை பண்ணிக்கோ. தொலைச்சிராத" என்று மட்டும் சொன்னார். கடைசி வரைக்கும் நான் கடைசி பெஞ்சுதான். உயரம் குறையவில்லையே.

சயின்ஸில் நல்ல மார்க். கணக்கு வாத்தியாருக்குக் கற்பித்தல் உபகரணம் பிடிக்காது. கணக்கு காதால் கேட்டால் ஏறுகிற பாடமும் இல்லை. பெயில். அப்பாவுக்குச் சம்மதம்.

தறியில் என் கண்ணுக்கு ஈடில்லை. கிட்டத்தில் இருப்பது எனக்கு நன்றாகவே தெரியும். பாவு நூலில் ஒரு இழை அறுந்தால் முதலில் பார்ப்பவன் நான். "எம்புட்டுக் கூரான கண்ணுலே ஒனக்கு!" என்று மேஸ்திரி ஊரெல்லாம் சொன்னார். அப்புறம் யார் கண்ணாடி வாங்குவார்கள்?

இப்போது வாங்கியாயிற்று. போட்டுக்கொண்டு முதலில் பெரியவர் வீட்டுக்குப் போய்க் கும்பிட்டேன். கண்ணாடியில் அவருக்கு என்னை அடையாளம் தெரியவில்லை. யாரோ என்று முறைத்தார். பிறகு அவரே சிரித்துவிட்டார்.

மறுநாள் பள்ளிக்கூடம் பக்கம் போனேன். விளார் போய்விட்டது, இப்போது அடிக்கக் கூடாதாம். சார் போய்ச் சேர்ந்து வருசங்கள் ஆயிற்று. எங்கள் வகுப்பு இருந்த கட்டடத்தை இடித்துச் சைக்கிள் நிறுத்துகிறார்கள். கடைசி பெஞ்சு எங்கே இருந்திருக்கும் என்று உத்தேசமாகப் பார்த்து நின்றேன். போர்டு இருந்த திக்கில் சுவரில்லை. காம்பவுண்டைத் தாண்டி ரோடு. ரோட்டைத் தாண்டி ஒரு கடை.

வாட்ச்மேன் வந்தார். "என்ன அண்ணாச்சி பாக்கிய?"

"போர்டு படிக்கேன்."

"அது பால்கோவாக் கடை போர்டுல்லா?"

"தெரியுது" என்றேன்.