எல்லோரும் ஓ குரூப்பான நாள்

மண்டைக்காட்டுப் பக்கத்திலிருந்து மரியபுஷ்பத்தைக் கொண்டுவந்தபோது பிள்ளை பிறந்து இரண்டு மணி நேரம் ஆகியிருந்தது. ரத்தப்போக்கு நிற்கவில்லை. உடனே ரத்தம் ஏற்ற வேண்டும் என்றார் டாக்டரம்மா. நாகர்கோவில் ஆஸ்பத்திரியில் நான் லேப் வேலைக்குச் சேர்ந்து மூன்றாவது மாதம் அது. அந்தக் காலத்தில் பிளட் பேங்க் எல்லாம் கிடையாது. கூட வந்தவர்கள் கையை நீட்டினால்தான் உண்டு.

கணவர் மிக்கேலும் அவளுடைய அண்ணன்மார் மூன்று பேரும் நீட்டினார்கள். மரியபுஷ்பத்தையும் சேர்த்து ஐந்து பேர் ரத்தத்தையும் ஆளுக்கு இரண்டு சொட்டு வைத்து, ஒன்றில் ஆன்ட்டி-ஏ சீரமும் மற்றதில் ஆன்ட்டி-பி சீரமும் கலந்தேன். எதில் ரத்தம் கட்டிகட்டியாகத் திரள்கிறதோ அந்தக் குரூப். இரண்டிலும் திரளாவிட்டால் ஓ. பத்துச் சொட்டில் ஒன்றுகூடத் திரளவில்லை. எல்லோரும் ஓ! சந்தோஷத்தில் டாக்டரம்மாவைக் கூப்பிட எழுந்தும்விட்டேன். வாசலில்தான் சந்தேகம் தட்டியது. நான் பி குரூப். என் விரலைக் குத்திப் பார்த்தேன். நானும் ஓ.

"டாக்டரம்மா, சீரம் செத்துப்போச்சு. இன்னைக்கு யாரைக் குத்தினாலும் ஓ தான்" என்றேன்.

வேறு வழி உண்டா என்று மட்டும் கேட்டார். இருந்தது. மரியபுஷ்பத்தின் ரத்தத்தை உறையவிட்டு, கையால் சுற்றும் சென்ட்ரிஃபியூஜில் போட்டு, மேலே தெளிந்து நிற்கும் அவளுடைய சீரத்தைப் பிரித்தேன். அதில் ஒவ்வொருவர் ரத்தமாகக் கலந்தேன்; திரண்டால் அந்த ரத்தம் அவளுக்குச் சேராது. மிக்கேலுடையது உடனே திரண்டது. நடு அண்ணனுடையது மட்டும் மைக்ராஸ்கோப்பில் பார்த்தும் திரளவில்லை. ரத்தம் எடுக்க அவரைப் படுக்க வைத்தோம்.

மிக்கேலுக்கு மனத்தாங்கல். "ஏழு வருசமா ஒண்ணாத்தான இருக்கோம். ரத்தம் மட்டும் சேராதோ?"

"இதை அவகிட்ட கேளும். ஏழு வருசமா என்னவெல்லாம் சேரல்லன்னு சொல்லுவா" என்றார் டாக்டரம்மா, ஊசியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

சாயங்காலம் மரியபுஷ்பம் கஞ்சி கேட்டாள்.

சீரத்தைக் கொன்றது யார் என்று மறுநாள் தெரிந்தது. எங்கள் மண்ணெண்ணெய் பிரிட்ஜில் கம்பவுண்டர் தாணு அண்ணாச்சி தினமும் பதனீர் வைப்பார். அந்த பிரிட்ஜில் திரி கூடினால் குளிரும் கூடும்; சீக்கிரம் குளிரட்டும் என்று காலையில் திரியைத் தூண்டுவார். குடித்ததும் இறக்கிவிடுவார். சீரம் தினமும் ஒருமுறை கட்டியாக உறைந்து, ஒருமுறை இளகியிருக்கிறது. ரத்தத்தைத் திரளவைக்கும் ஆன்டிபாடி அதைத் தாங்காது. "நான் அந்த மருந்தத் தொடவேயில்ல மக்கா" என்று அண்ணாச்சி சத்தியம் செய்தார். அது உண்மைதான்.

அதன்பிறகு சீரத்தைச் சின்னச் சின்னக் குப்பிகளில் பிரித்து வைத்தேன். ஒருமுறை இளகிய குப்பியை மறுபடி உறையவிட்டதில்லை. தெரிந்த ஏ ரத்தத்திலும் பி ரத்தத்திலும் சோதிக்காமல் எந்தக் குப்பியையும் நம்பியதுமில்லை. பால் கெட்டால் நாறும், மீன் கெட்டால் நாறும். சீரம் கெட்டால் பேசாமல் இருக்கும். அந்த மௌனத்தைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டால் ஓர் உயிர் போய்விடும்.