கயிற்றைச் சுற்றிய கை

துறையில் அவளைச் சுக்கான் என்றுதான் கூப்பிடுவார்கள். பத்தொன்பது வருடமாகக் குடும்பப் படகின் பின்பலகையில் உட்கார்ந்து மோட்டாரின் கைப்பிடியைப் பிடித்திருப்பதால் வந்த பெயர். அந்த இரைச்சலில் ஒரு காது பாதி மந்தமாகிவிட்டது. வீட்டில் உப்பு எங்கே என்று கேட்பதைக்கூட உரக்கத்தான் கேட்பாள். புதிதாகக் குடிவந்த பக்கத்து வீட்டுக்காரி, புருஷனும் பெண்டாட்டியும் அடித்துக்கொள்கிறார்கள் என்று நினைத்து முதல் மாதத்திலேயே இரண்டு முறை சமாதானம் பேச வந்தாள்.

படகில் மூன்று பேர். கணவன் தூண்டில் கயிறு இழுப்பவன்; அவளுக்கு இரண்டடி முன்னால், வலது ஓரத்தில் நிற்பான். அவனைத் தாண்டி அவன் தம்பி. இரை கோர்ப்பது, மேலே வந்த மீனைக் கொக்கி மாட்டித் தூக்குவது, ஐஸ் பெட்டியில் அடுக்குவது, வாய் ஓயாமல் பேசுவது எல்லாம் தம்பியின் வேலை.

அவள் உட்காரும் பலகையின் பக்கத்தில் ஒரு கத்தி செருகியிருக்கும். கயிறு அறுக்க மட்டுமே உள்ள கத்தி. இழுப்பவன் ‘அறு’ என்று சொன்னால்தான் அதை எடுக்க வேண்டும். மறுமுனையில் என்ன இருக்கிறது என்பது அவன் கைக்குத்தான் தெரியும், மற்றவர்கள் தண்ணீரைத்தான் பார்க்கிறார்கள் என்பது அந்தக் குடும்பத்தின் கணக்கு. ஏழு வருடத்துக்கு முன்னால் ஒருமுறை சுறா என்று பயந்து, அவன் சொல்லாமலே அறுத்துவிட்டாள். சுறா இல்லை, பெரிய சூரை மீன். கயிற்று மிச்சத்தோடு ஒரு துள்ளு துள்ளித் தன்னை முழுசாகக் காட்டிவிட்டுப் போயிற்று. தம்பி அந்தக் கதையைச் சொல்லாத விசேஷ வீடு கிடையாது. வருடத்துக்கு வருடம் அந்த மீன் வளர்ந்துகொண்டே வருகிறது. படகில் அவள் சற்று அசைந்தால் போதும், “அண்ணி, கத்தியத் தள்ளி வைங்க, மீன் பயப்படுது” என்பான்.

நான்கு மாதமாக அவள் வேறொன்றைப் பார்த்து வந்தாள். கணவன் சட்டைப் பொத்தானை இடது கையால் போட்டான். தேநீர் டம்ளரை இரண்டு கைகளாலும் பிடித்தான். ஒருநாள் அடுப்பிலிருந்த பாத்திரத்தைத் துணியில்லாமல் வலது கையால் இறக்கி, நிதானமாகத் தரையில் வைத்தான். மாலையில் விரல்கள் கொப்பளித்திருந்தன. அதை அவள் பார்த்த பிறகுதான் அவனே பார்த்தான். “மோட்டார்ல பட்டிருக்கும்” என்றான்.

கை மரத்துவிட்டது என்று தெரிந்தால் கயிறு தம்பியிடம் போய்விடும். கயிறு இல்லாமல் கணவன் படகில் எங்கே நிற்பான் என்று அவளுக்கே தெரியவில்லை. கேட்டுவிட வேண்டும் என்று தினமும் நினைப்பாள். கரைக்கு வந்து, மீன் இறக்கி, பெட்டி கழுவி, சோறாக்கி முடிக்கும்போது உடம்பு அசந்திருக்கும். கேட்பதற்கும் ஒரு தெம்பு வேண்டும். நாளைக்கு ஆகட்டும் என்று படுத்துவிடுவாள்.

அன்று காலை பத்து மணி இருக்கும். முதல் சூரை முழுசாக வந்தது. இரண்டாவது மீன் பாதி வழியில் ஒரு வெட்டு வெட்டியது. அதன் பிறகு கயிறு இலேசாகிவிட்டது. மேலே வந்தது தலை மட்டும். செவுளுக்குப் பின்னால் ஒன்றுமில்லை. வாய் இன்னும் திறந்து மூடிக்கொண்டிருந்தது.

“பங்காளி வந்துட்டான்” என்றான் தம்பி. “உழைக்கிறப்ப ஒருத்தனையும் காணோம். பங்கு பிரிக்கிறப்ப மட்டும் கரெக்டா ஆஜர்.”

படகுக்கு அடியில் பழுப்பு நிறத்தில் ஏதோ ஒன்று அவசரமில்லாமல் கடந்து போனது. அதன் பின்னால் இன்னொன்று. சற்றுத் தள்ளி ஒரு முதுகுத் துடுப்பு தண்ணீரைக் கிழித்து மறைந்தது. அடுத்த மீனும் தலையாகவே வந்தது.

“தலைய நமக்கு விட்டுட்டுப் போறான் பாருங்க அண்ணி. மரியாதை தெரிஞ்ச பங்காளி.”

இரண்டு தலை வந்தால் இடம் மாறுவது அவர்கள் வழக்கம். அவள் மோட்டாரைக் கிளப்பும் இழுகயிற்றில் கை வைத்தாள்.

“இரு” என்றான் கணவன். “இன்னும் ஒண்ணு.”

“ரெண்டு தலை வந்தாச்சுங்க.”

“எனக்கும் எண்ணத் தெரியும்.”

அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது. சுறா எப்போதும் போலத்தான் வருகிறது. மீன்தான் மேலே வர நேரமாகிறது. முன்பெல்லாம் தம்பி ஒரு வாக்கியம் பேசி முடிப்பதற்குள் மீன் படகில் கிடக்கும். இப்போது கணவன் இரு கை விரித்த நீளம், ஒரு பாகம் இழுத்தால் அரைப் பாகம் விரல் வழியே நழுவிப் போகிறது. இது அவனுக்கும் தெரியும். அதனால்தான் இன்னும் ஒன்று.

மூன்றாவது மீன் கடித்தது. நழுவாமல் இருக்க அவன் கயிற்றை வலது உள்ளங்கையில் இரண்டு சுற்றுச் சுற்றிக்கொண்டான்.

அந்த வீட்டில் யாரும் செய்யக் கூடாத காரியம் அது. முதன்முதலாகக் கயிறு தொட்ட நாளில் தம்பி அப்படிச் சுற்றியதற்கு இதே அண்ணன்தான் முதுகில் ஒன்று வைத்தான்.

“என்னங்க, கை...” என்று அவள் வாயெடுத்தாள். அதற்குள் கயிறு விறைத்தது. பங்காளி இந்த முறை தலையைக்கூட விடவில்லை. மீன், தூண்டில் முள், மீன்பல்லுக்கு அறுபடாமல் இருக்க முள்ளுக்கு மேலே கட்டும் ஒரு முழக் கம்பி எல்லாம் அதன் வாய்க்குள் போய்விட்டது. அவன் முழங்கால் மடிந்து, நெஞ்சு படகின் ஓரத்தில் இடித்தது. படகு அந்தப் பக்கம் சாய்ந்தது.

“அறுக்கவா?” என்று கத்தினாள்.

“வேணாம். பிடி இருக்கு.”

“அண்ணே, சுறாண்ணே! விட்டுடு!”

“இருக்குன்னு சொல்றேன்ல!”

அவன் முகத்தில் வலியே இல்லை. பஸ் வரவில்லையே என்று நிற்பவனின் முகம். கண் கடல்மேல் இருந்தது. விறைத்த கயிற்றின் மேல் ரத்தம் சொட்டுச் சொட்டாக இறங்கித் தண்ணீரில் கலந்துகொண்டிருந்தது. கயிறு பதிந்த இடத்தில் வெள்ளையாக ஏதோ தெரிந்தது. அவன் சொல்லட்டும் என்று காத்திருந்தால் அவன் சொல்லப் போவதில்லை. அந்தக் கைக்கு ஒன்றும் தெரியவில்லை.

கத்தியை எடுத்து ஒரே இழுப்பில் அறுத்தாள்.

அவன் பின்னால் சரிந்து ஐஸ் பெட்டியில் முதுகு மோதி உட்கார்ந்தான். “யாரு உன்னை அறுக்கச் சொன்னது?”

“அண்ணி மறுபடியும்...” என்று பழக்கத்தில் சிரிப்போடு ஆரம்பித்த தம்பி, அண்ணன் கையைப் பார்த்து நிறுத்திக்கொண்டான்.

“கையப் பாருங்க” என்றாள் அவள்.

பார்த்தான். பார்த்த பிறகுதான் பல்லைக் கடித்துக்கொண்டு கண்ணை மூடினான்.

கரைக்கு இரண்டு மணி நேரம். அண்ணன் கையைத் துண்டால் இறுக்கிக் கட்டி, அதை உயர்த்திப் பிடித்தபடியே வந்தான் தம்பி. அவன் வாய் மூடியிருந்து அவள் பார்த்த மிக நீண்ட நேரம் அதுதான்.

சுகாதார நிலையத்தில் நர்ஸ் காயத்தைக் கழுவினாள். “வலிக்குதா?”

“இல்ல.”

ஊசி முனையால் விரல் நுனியைத் தொட்டாள். “இங்க?”

“இல்ல.”

“எத்தனை நாளா இப்படி?”

அவன் சுவரைப் பார்த்தான்.

“நாலு மாசமா” என்றாள் மனைவி.

அவன் திரும்பி அவளைப் பார்த்தான். பதினாறு தையல் விழுந்தது. விரல் போகாது, ஆனால் பழைய பிடி வருமென்று எதிர்பார்க்காதீர்கள் என்று சொல்லி, பெரிய ஆஸ்பத்திரியில் நரம்பு டாக்டரைப் பார்க்கச் சீட்டு எழுதிக் கொடுத்தாள் நர்ஸ்.

தெருமுனையில் வந்துதான் கேட்டான். “தெரிஞ்சும் ஏன் ஒரு வார்த்தை கேக்கல?”

“நீங்க ஏன் சொல்லல?”

உரக்கப் பேசியே பழகியவள் இதை மட்டும் அவன் குனிந்து கேட்க வேண்டிய அளவுக்கு மெதுவாகச் சொன்னாள். இருவருக்கும் நிற்கக்கூடத் தெம்பில்லை. பக்கத்து வீட்டுக்காரி வாசலில் நின்று, இன்றைக்கு என்ன இவ்வளவு அமைதி என்பதுபோலப் பார்த்தாள்.

இரண்டு மாதம் கழித்துத்தான் படகு மூவரோடும் மறுபடி இறங்கியது. கணவனின் வலது கையில் இரண்டு விரல்கள் மடங்குவதில்லை. அவன் பின்பலகையில் உட்கார்ந்து இடது கையால் மோட்டாரைப் பிடித்தான். கயிறு தம்பியிடம். இரையும் கொக்கியும் ஐஸ் பெட்டியும் அவளிடம். முதல் நாளே அவளுக்குத் தோள் விண்ணென்று தெறித்தது. துறையில் இன்னும் அவளைச் சுக்கான் என்றுதான் கூப்பிடுகிறார்கள். மாற்றிக் கூப்பிட யாருக்கும் தோன்றவில்லை.

புதிதாக ஒரு வழக்கம் வந்திருக்கிறது. கயிறு விறைக்கும் ஒவ்வொரு முறையும் பின்னாலிருந்து அவன் கத்துவான்.

“கைய விரி!”

தம்பி ஒரு கையால் கயிற்றைப் பிடித்தபடி மறு கையை விரித்துக் காட்டுவான். பிறகு கை மாற்றி அடுத்ததையும் காட்டுவான்.

“என்னண்ணே, ஜோசியமா பாக்குற?”

“காட்டுடா.”

அன்று முதல் மீன் தலையாக வந்தது. இரண்டாவதும் தலை. தம்பி திரும்பி அண்ணனைப் பார்த்தான். பங்காளி என்ற பேச்சை எடுக்கவில்லை. இன்னும் ஒன்று என்று யாரும் சொல்லவுமில்லை. கணவன் எழுந்து இழுகயிற்றை இடது கையால் இழுத்தான். மோட்டார் கிளம்பவில்லை. மறுபடி இழுத்தான். அவள் உதவப் போகவில்லை. ஐஸ் பெட்டியில் சாய்ந்து, நன்றாகக் கேட்கும் காதை அந்தப் பக்கம் திருப்பிவைத்துக் கண்ணை மூடிக்கொண்டாள். நாலாவது இழுப்பில் பிடித்தது.