மாரீஸ்வரியின் பழைய கீபோர்டு

பந்தல்குடியிலிருந்து எட்டு மணி பஸ்ஸில் வந்து, அருப்புக்கோட்டையில் பூமிநாதன் அச்சகத்துக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்துவிட்டால், சாயங்காலம் வரை மாரீஸ்வரியை எழுப்ப முடியாது. ஆறு வருஷமாக அப்படித்தான். கறுப்புத் திரையில் கல்யாணப் பத்திரிகை அடிப்பாள். கண் காகிதத்தில் இருக்கும். தமிழ் டைப்ரைட்டிங் படித்த விரல்கள் தம்பாட்டுக்கு ஓடும்.

1997 ஆடியில், முகூர்த்தம் இல்லாமல் வேலை மந்தமாக இருந்த நேரம் பார்த்து, முதலாளி பூமிநாதன் மதுரையிலிருந்து ஆளைக் கூட்டிவந்து விண்டோஸ் போட்டார். திரை முழுக்கக் குட்டிக் குட்டிப் படம். மவுஸ் என்று ஒன்று. அதை நகர்த்தினால் அம்புக்குறி அவள் நினைத்த இடத்தைத் தவிர மற்ற எல்லா இடத்துக்கும் போனது. அதுகூடப் போகட்டும். வந்தவர் பழைய தமிழ் எழுத்தைத் தூக்கிவிட்டுப் புதுசைப் போட்டுவிட்டார். கூடவே வந்த புதுக் கீபோர்டில் எழுத்தெல்லாம் இடம் மாறிக் கிடந்தது. பழைய பத்திரிகைகளைத் திறந்தால் கட்டமும் புள்ளியுமாகக் கொட்டியது.

அன்றிலிருந்து அவளுக்கு இருப்புக்கொள்ளவில்லை. எழுந்து தண்ணீர் குடிப்பாள், உட்காருவாள், பழைய பத்திரிகைகள் இருந்த பிளாப்பியை எடுத்து ஊதித் திரும்பப் போடுவாள். அதே கட்டம், அதே புள்ளி.

"ஆவணி பொறக்குறதுக்குள்ள கை பழகிரணும் மாரி," என்றார் பூமிநாதன். "இல்லன்னா மதுரையில விண்டோஸ் படிச்ச பிள்ள ஒண்ணு வாரேங்குது."

அவர் நல்ல மனிதர். அதனால்தான் அதை வெறும் மிரட்டல் என்று தள்ள முடியவில்லை. மழையைப் பார்த்து விதைக்கிற வீட்டில், மாதம் தவறாமல் வருவது அவள் சம்பளம் ஒன்றுதான்.

ஆடிக் கடைசியில் திருச்சுழிப் பக்கமிருந்து மொக்கையன் வந்தார். இளைய மகளுக்குக் கல்யாணம்.

"மூத்தவளுக்கு அடிச்ச அதே வரிசையில பேரு வரணும் தாயி. ஒரு பேரு மேல கீழ போனாலும் மாமன்மாரு பந்தியில உக்காரமாட்டாக."

மூத்தவள் பத்திரிகையில் பங்காளி, மாமன், மச்சான் என்று முப்பத்தோரு பேர். யார் பேர் முந்தி என்று பஞ்சாயத்து நடந்து, அவள் நாலு தடவை மாற்றி மாற்றி அடித்தது நன்றாக நினைவிருக்கிறது. ஆனால் வரிசை? பிளாப்பியில் கட்டமும் புள்ளியும்தான். மொக்கையன் வீட்டிலும் அச்சகத்திலும் ஒரு பத்திரிகைகூட மிஞ்சவில்லை. யோசித்துப் பார்த்தாள். மூன்றாவது பேரோடு நினைவு நின்றுவிட்டது. பூமிநாதன் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மேசைக்கு அடியில் பழைய கீபோர்டு தூசியோடு கிடந்தது. எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். ஒயரை எதிலும் செருகவில்லை. கண்ணை மூடிக்கொண்டு அடிக்கத் தொடங்கினாள்.

"சங்கரலிங்கம்," என்றாள், விரல் போகிற வழியை வைத்து. "வீரணன். தவசி. பாண்டீஸ்வரன்..."

மனசுக்கு மறந்தது விரலுக்கு மறக்கவில்லை. பூமிநாதன் அவசரமாகப் பேனாவைத் தேடி எடுத்து எழுதினார். மொக்கையன் ஒவ்வொரு பேருக்கும் தலையாட்டினார். "முனீஸ்வரன்" வந்ததும் ஆட்டிய தலை நின்றது.

"என் தம்பி. அவன் போயி ரெண்டு வருசமாச்சு தாயி. எடம் அதேதான். முன்னால தெய்வத்திரு போட்டுக்கிருங்க."

முப்பத்தோரு பேரும் வந்துவிட்டார்கள். மாரீஸ்வரி கண்ணைத் திறந்தபோது அவளுக்கே நம்ப முடியவில்லை. இனி யார் தன்னை வேலையை விட்டு அனுப்புவார்கள் என்று நினைத்தாள்.

மொக்கையன் படியிறங்கியதும் பூமிநாதன் முகமெல்லாம் சிரிப்பாக வந்தார்.

"கவலை விட்டுச்சு மாரி! மதுரப் பிள்ள வரவும், இதே மாதிரி எல்லாப் பத்திரிகையும் சொல்லிரு. அது கம்ப்யூட்டர்ல ஏத்திரும். ஒரு மாசத்துல முடிஞ்சிரும்ல?"

முடிந்த பிறகு அவள் எதற்கு என்பதை அவர் சொல்லவில்லை. கோபமும் அழுகையும் சேர்ந்து வந்தது அவளுக்கு.

"சொல்ல மாட்டேன் அண்ணாச்சி. நானே ஏத்துறேன்."

அவர் கையிலிருந்து தாளை வாங்கிக்கொண்டு மவுஸைப் பிடித்தாள். அம்புக்குறி எங்கேயோ ஓடியது, இழுத்துக்கொண்டு வந்தாள். சங்கரலிங்கத்துக்கு 'ச' எங்கே இருக்கிறது என்று தேடி, ஒற்றை விரலால் குத்தினாள். பந்தல்குடிக்கு அவள் வழக்கமாகப் போகிற பஸ் புறப்பட்டபோது, ஐந்தாவது பேரில் இருந்தாள்.