அடக்கி வைத்த இருமல்

எங்கள் வேலையில், கொடுத்ததைக் குடித்துவிட்டு ஒருவர் நன்றாக இருக்கிறது என்று சொன்னால் உடனே சந்தோஷப்பட்டுவிடக் கூடாது. முதலில் அவருடைய தொண்டையைப் பார்க்க வேண்டும். கோயமுத்தூரில் ஓர் ஆஸ்பத்திரியில், பக்கவாதம் வந்து விழுங்கச் சிரமப்படுகிறவர்களுக்குக் காப்பி, கஞ்சி, ரசம் எல்லாவற்றையும் கெட்டியாகக் கலக்கிக் கொடுக்கிறேன். வீட்டில் ஒருவருக்கு ஸ்பூனால் ஊட்டிவிட்டு, உள்ளே சரியாக இறங்கியதா என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவர்களுக்கு, இதற்கு மேல் விளக்கம் வேண்டியதில்லை.

பசைக் காப்பி

இந்த வேலையை எனக்கு யாரும் வகுப்பு வைத்துச் சொல்லித் தரவில்லை. என் மனைவி சரசுவுக்குப் பக்கவாதம் வந்தபோது, தண்ணியாகக் கொடுத்தால் நுரையீரலுக்குப் போய்விடும் என்றார்கள். கெட்டியாக்கும் பவுடரைப் போட்டுக் கலக்கி, ஸ்பூனிலிருந்து தேன் மாதிரி இறங்குகிறதா என்று பார்த்துப் பார்த்தே கற்றுக்கொண்டேன். முதல் வாரம் முழுக்கக் கட்டி கட்டியாக வந்தது. அவள் முகம் சுளிக்காமல் குடித்தாள். இருமினால் நான் வருத்தப்படுவேன் என்று அதையும் அடக்கிக்கொண்டாள். சளி கட்டிக் காய்ச்சல் வந்த பிறகுதான் எனக்கு அது தெரிந்தது. இனிமேல் எதையும் மறைக்காதே என்று கெஞ்சினேன். மறுநாள் ஒரு வாய் காப்பி குடித்துவிட்டு, குழறலாக, ஆனால் எனக்குப் புரியும்படி சொன்னாள்: “ஏனுங்க, இதுல போஸ்டர் ஒட்டலாமுங்க.”

கண்ணில் தண்ணீர்

அதற்குப் பிறகு இரண்டு வருஷம் இருந்தாள். அவள் போனபின், அவளுக்கு விழுங்கப் பயிற்சி கொடுத்த தெரபிஸ்ட் அம்மணியே என்னை இந்த வேலைக்குக் கூப்பிட்டார்.

ஒரு முறை, காங்கேயத்தில் எண்ணெய் மில் வைத்திருக்கும் பெரியவர் ஒருவர் மூக்கு வழியாகக் கஞ்சி செலுத்தும் குழாயோடு வந்தார். அதை எடுத்துவிடலாமா என்று பார்க்க அம்மணி ஸ்பூனில் தண்ணீர் கொடுத்தார். ஒவ்வொரு வாய்க்கும் ஒன்றும் செய்யவில்லை என்றே பெரியவர் சொன்னார். ஆனால் அவர் கண்ணில் தண்ணீர் கட்டியிருந்தது; கை படுக்கை விரிப்பைப் பிடித்துக் கசக்கிக்கொண்டிருந்தது. அந்த முகம் எனக்குத் தெரிந்த முகம். இருமலை அடக்குகிறீர்களா என்று தயங்கித் தயங்கிக் கேட்டேன். அவர் தலையைக் குனிந்துகொண்டார். “பொம்பளப்புள்ள மூஞ்சிக்கு நேரா எப்படீங்க இருமறது?”

சம்பந்தியின் இளநீர்

குழாய் எடுப்பது தள்ளிப்போனது. இருமல்தான் தொண்டைக்குக் காவல், அதை அடக்கினால் நெஞ்சில் சளி கட்டும் என்று அம்மணி எடுத்துச் சொன்னார். பெரியவர் தலையாட்டினார். ஆனாலும் எங்கள் முன்னால் லேசாகக் கனைப்பதோடு சரி.

ஒரு நாள் அவருடைய சம்பந்தி இளநீரோடு வந்து, ஸ்ட்ராவை அவர் வாயருகே நீட்டினார். சம்பந்தி கொடுப்பதை எப்படி வேண்டாம் என்பது? பெரியவர் வாயைத் திறந்துவிட்டார். தண்ணியாக எதுவும் அவருக்கு ஆகாது என்று விளக்க நேரமில்லை. இளநீரைப் பிடுங்கி நானே கடைசிச் சொட்டுவரை குடித்துவிட்டேன். பெரியவருக்குச் சிரிப்பு பீறிட்டது. சிரிப்போடு இருமலும் வந்தது, கட்டில் அதிரும்படி. வாசலில் நின்ற அம்மணி கைதட்டினார். சம்பந்தி மட்டும் என்னையே பார்த்தார். “ஏனுங்க, சீக்காளிக்கு வாங்கியாந்தத நீங்க குடிச்சுப்போட்டீங்களே?”

ஒரு டம்ளர்

அன்றோடு கூச்சம் போய்விட்டது. இருமல் வந்தபோதெல்லாம் இருமினார், மோவாயை நெஞ்சோடு சேர்த்து விழுங்கப் பழகினார். மூன்று வாரத்தில் குழாயை எடுத்தார்கள். பவுடர் போடாத காப்பியை அவருக்கு முதன்முதலாக நான்தான் கொண்டுபோய்க் கொடுத்தேன். ஒரு வாய் குடித்தார். அவர் மனைவி சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றார். தப்பான வழியில் இறங்கியிருந்தால் குரல் கரகரக்கும் என்பதால், அம்மணி ‘ஆ’ சொல்லச் சொன்னார். பெரியவர் கரகரப்பில்லாமல், மில் வாசல்வரை கேட்கும் குரலில் சொன்னார். பிறகு என் பக்கம் திரும்பினார்: “சொல்றேன்னு கோவிச்சுக்காதீங்க, காப்பி வாயில வெக்க முடியலீங்க.”

டம்ளரைக் கழுவப் போகிற சாக்கில் வெளியே வந்து, சரசுவுக்கு நன்றி சொன்னேன்.

சமைக்கிற எல்லோரும் பாராட்டுக்குக் காத்திருக்க, எனக்கு மட்டும் யாராவது நல்ல குரலில் குறை சொன்னால்தான் அன்றைக்குச் சாப்பாடு நிம்மதியாக இறங்குகிறது.