எல்லை தாண்டிய காப்பு

எங்கள் செம்பனைத் தோட்டத்தில் லீலாவதியைப் பற்றி ஒரு பேச்சு உலாவுகிறது. அவள் போன் செய்தால் அந்த வீட்டில் ஒரு கால் போய்விடுமாம். சொல்கிறவர்களை நிற்க வைத்து நாலு வார்த்தை கேட்க வேண்டும் என்று எனக்கு நாக்கு துடிக்கும். ஆனால் பள்ளிக்கூட வேன் ஓட்டிப் பிழைக்கிறவன் எத்தனை பேரிடம்தான் சண்டை போடுவது? அவர்கள் பிள்ளைகள்தான் காலையில் என் வேனில் ஏறுகிறார்கள். அதனால் எழுதியாவது வைக்கிறேன்.

லீலாவும் நானும் ஒரே லயத்து வரிசை வீடுகளில் பிறந்தவர்கள். அவள் அப்பா செம்பனைக் குலை வெட்டினார், என் அப்பா அதை லோரியில் ஏற்றினார். படிப்பில் நான் எப்படி என்று என் வேனைப் பார்த்தாலே தெரியும். அவள் படித்துத் தாதியானாள். எங்கள் பக்கத்தில் தாதியை மிஸி என்றுதான் கூப்பிடுவோம். இப்போது கோலசிலாங்கூர் டவுன் பக்கம் ஒரு தாமானில், அதாவது புதுக் குடியிருப்பில், வீடு. வேலை, ஒரு மணி நேரம் தள்ளியுள்ள பெரிய ஆஸ்பத்திரியில், ரத்தக்குழாய்ப் பிரிவில்.

ரத்தக்குழாய் என்றால் நெஞ்சுவலிக்காரர்கள் போகிற இடம் என்றுதான் நானும் முதலில் நினைத்தேன். அது கால்களுக்கான இடம் என்பாள் லீலா. இனிப்பு நீர், அதாவது சர்க்கரை நோய், முற்றிக் காலுக்குப் போகும் ரத்தம் அடைபட்டு, ஒரு விரல் கறுத்து, பிறகு பாதம் கறுத்து வருகிறவர்கள். அடைப்பைச் சரியான நேரத்தில் பலூன் வைத்துத் திறந்துவிட்டால் கால் தப்பும். நேரம் தவறினால் வெட்டத்தான் வேண்டும். நடுவில் இருப்பது காத்திருப்பு மட்டும்தான்.

அந்தக் காத்திருப்புதான் நீண்டுகொண்டே போனது. முன்பு அங்கே இரண்டு பெரிய டாக்டர்கள் இருந்தார்கள். ஒருவர் தனியார் பக்கம் போய்விட்டார். இருந்த மிஸிகளில் ஒருத்தி சிங்கப்பூருக்கு, ஒருத்தி சவூதிக்கு, ஒருத்தி உடம்பு முடியாமல் வீட்டுக்கு. புண்ணுக்குக் கட்டுப் போடுவதும், டாக்டருக்குப் பக்கத்தில் நிற்பதும், நோயாளிகளுக்குப் போன் அடித்துத் தேதி சொல்வதும் எல்லாம் லீலா தலையில் விழுந்தன. தேதி கொடுக்கிற போன் குறைவு. தேதி தள்ளிப்போய்விட்டது என்று சொல்கிற போன்தான் அதிகம். எத்தனையோ பேர் அவளைத் திட்டியிருக்கிறார்கள். கேட்டுக்கொண்டு, கடைசியில், "புண்ண நனைக்காதீங்க" என்று சொல்லிவிட்டு வைப்பாள்.

"நீயும் சிங்கப்பூர் போக வேண்டியதுதானே?" என்று ஒருமுறை கேட்டேன்.

"நான் போயிட்டா இவங்களுக்கு யாரு போன் அடிப்பா?" என்றாள். பெருமைக்காகச் சொல்லவில்லை. சலிப்போடுதான் சொன்னாள்.

இனிச் செல்லன் மாமாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் தோட்டத்து மாரியம்மனுக்கு ஆடித் திருவிழாவில் கரகம் எடுப்பவர் அவர்தான். தீமிதியிலும் முதலில் இறங்குவார். குலை வெட்டி வெட்டி இறுகிப்போன உடம்பு. கேலிப் பேச்சில் அவரை யாரும் ஜெயிக்க முடியாது. என் வேனைப் பார்த்தால், "பூமாலை போட்டுக் கடல்ல விட்டுடுடா, புண்ணியமாப் போவும்" என்பார்.

மூன்று ஆடிகளுக்கு முன்னால் தீக்குழியிலிருந்து ஏறி வந்தவருடைய இடது பாதத்தில் தோல் உரிந்து தொங்கியது. அவருக்கு வலிக்கவே இல்லை. தீ சுட்டும் வலி தெரியவில்லை என்றால் அது ஆத்தா அருள் அல்லாமல் வேறென்ன? எல்லோரும் அவர் காலில் விழுந்தோம். நானும் விழுந்தேன். அவரும் குழிச் சாம்பலையும் மஞ்சளையும் குழைத்துப் பூசிக்கொண்டு வேலைக்குப் போனார். இனிப்பு நீர் அவர் பாதத்தின் உணர்ச்சியை எப்போதோ தின்றுவிட்டது என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. புண் ஆறவில்லை. ஒரு வருடம் கிளினிக்கில் கட்டுப் போட்டு, மூடுவதும் திறப்பதுமாக இருந்து, பெருவிரல் கறுத்த பிறகுதான் லீலாவின் ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்ந்தார். பலூன் வைக்கத் தேதி கொடுத்தார்கள். தள்ளிப்போனது. மறுபடி கொடுத்தார்கள். அதுவும் தள்ளிப்போனது.

அதற்குள் போன வருட ஆடி வந்துவிட்டது. தீயில் இறங்கமாட்டேன், கரகம் மட்டும் எடுக்கிறேன் என்று லீலாவிடம் சத்தியம் செய்துவிட்டுக் காப்புக் கட்டிக்கொண்டார். மஞ்சள் துண்டு வைத்துக் கட்டிய அந்தக் கயிறு கையில் ஏறிவிட்டால், திருவிழா முடிந்து அவிழ்க்கும்வரை தோட்டத்து எல்லையைத் தாண்டக் கூடாது. பிறந்தது முதல் நாங்கள் அறிந்த கட்டுப்பாடு அது. சாவுக்குக்கூடப் போகாதவர்கள் இருக்கிறார்கள்.

கரகத்துக்கு முதல் நாள்தான் லீலாவின் போன் வந்தது. சுங்கை பெசாரிலிருந்து வர வேண்டிய ஓர் அம்மாவுக்குக் காய்ச்சல் கண்டு, மறுநாள் காலையில் ஓர் இடம் காலியாகியிருந்தது.

"மாமா, நாளைக்கு வாங்க. இத விட்டா எப்ப கெடைக்கும்னு எனக்கே தெரியாது."

"காப்புக் கட்டியிருக்கேன் பாப்பா. திருவிழா முடியட்டும்."

வேலை முடிந்த கையோடு லீலா நேராகக் கோயிலுக்கு வந்துவிட்டாள். யூனிஃபார்மைக்கூட மாற்றவில்லை. பந்தலில் தோரணம் கட்டிக்கொண்டிருந்த நாங்கள் எல்லாம் கையை நிறுத்திவிட்டோம். கோயில் தலைவர் தனபாலன் முன்னால் வந்து நின்றார்.

"மிஸி, நீயும் இந்தத் தோட்டத்துப் புள்ளதான? காப்புக் கட்டின ஆள எல்லை தாண்டக் கூப்பிடலாமா?"

 லீலா பையிலிருந்து உள்ளங்கை அளவுக் கருவி ஒன்றை எடுத்தாள். கணுக்காலில் வைத்தால் ரத்தம் ஓடும் சத்தம் வெளியே கேட்கும். செல்லன் மாமாவின் வலது காலில் வைத்தாள். உஷ், உஷ் என்று துணி துவைக்கிற மாதிரி சத்தம் வந்தது. இடது காலுக்கு மாற்றினாள். இரைச்சல் மட்டும்தான். இடத்தை மாற்றி மாற்றி வைத்தாள். வெகு நேரம் கழித்து, எங்கோ அடுத்த வீட்டில் கேட்பது போல மெல்லிசாக ஒன்று வந்து நின்றது.

"இவ்ளோதான் மாமா மிச்சம்" என்றாள். 

செல்லன் மாமா அம்மன் பக்கம் திரும்பிக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என்னிடம், "டேய் வாசு, அந்த ஓட்ட வண்டி நாளைக்குக் காலைல ஓடுமா?" என்றார்.

எல்லையில் ஒரு பழைய இரும்புப் பாலம். அதைத் தாண்டும்போது அவர் வலது கையால் காப்பை மூடிக்கொண்டார். வண்டியில் அவர் மனைவி வேலம்மா சேலைத் தலைப்பை வாயில் வைத்து அழுத்திக்கொண்டிருந்தார். எனக்கும் பயம்தான். பொய் சொல்வானேன்.

ஆஸ்பத்திரியில் எல்லாம் ஒழுங்காகத்தான் நடந்தது. உடை மாற்றி, கையில் ஊசி ஏற்றி, காப்பை அறுக்காமல் அதன்மேல் பிளாஸ்டர் சுற்றி, அறுவைக் கூடத்தின் வாசல்வரை தள்ளுகட்டிலைக் கொண்டுபோனாள் லீலா. அவருக்கு முன்னால் இன்னும் ஒருவர்தான்.

அந்த நேரத்தில் விபத்துக் கேஸ் ஒன்று வந்தது. மோட்டார் சைக்கிள் ஓட்டிய பையன், தொடையில் பெரிய குழாய் அறுந்து ரத்தம் கொட்டிக்கொண்டிருந்தது. பிரிவில் மிஞ்சியிருந்தது டாக்டரம்மா ஒருத்தர்தான். அவர் உள்ளே போனவர் மாலைவரை வெளியே வரவில்லை. வந்தபோது மயக்க மருந்து கொடுக்க ஆள் இல்லை. கூடத்தில் அடுத்த அவசரக் கேஸ் காத்திருந்தது.

டாக்டரம்மா செல்லன் மாமா பக்கத்து நாற்காலியில் வந்து உட்கார்ந்தார். தொப்பியைக்கூடக் கழற்றவில்லை. "ஐயா, இன்னைக்கு முடியாது. மன்னிச்சிருங்க" என்றார்.

"அந்தப் பையன்?"

"பொழச்சிட்டான். காலும் தப்பிச்சிருச்சு."

"அப்ப சரிம்மா. நீங்க போயி எதாச்சும் சாப்பிடுங்க" என்றார் செல்லன் மாமா. காலையிலிருந்து பச்சைத் தண்ணீர் குடிக்காமல் கிடந்தவர் அவர்.

திரும்பி வரும்போது லீலாவும் வேனில் வந்தாள். பிள்ளைகள் உட்காரும் கடைசி சீட்டில் உட்கார்ந்து வழியெல்லாம் அழுதாள்.   நாங்கள் வந்து சேர்ந்தபோது கரகம் இறங்கியிருந்தது. தனபாலனின் மகன் எடுத்திருந்தான்.

அடுத்த தேதி வருவதற்குள் சீழ் ஏறிவிட்டது. முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள்.

பிறகுதான் அந்தப் பேச்சு கிளம்பியது. காப்போடு எல்லை தாண்டியதால் ஆத்தா காலையே கேட்டு வாங்கிவிட்டாளாம். தாண்ட வைத்தவள் மிஸியாம். ஒரு வெள்ளிக்கிழமை பூசைக்கு வந்த லீலாவைப் பார்த்து எல்லார் எதிரிலும் தனபாலன், "இப்ப திருப்தியா?" என்று கேட்டார். அவள் திருநீறு வாங்காமல் படியிறங்கிப் போனாள். அன்று நான் அங்கே இல்லை. இருந்திருந்தால் அவருடைய பேரன் திங்கட்கிழமையிலிருந்து வேறு வேனில்தான் பள்ளிக்கூடம் போயிருப்பான்.

அதன்பின் அவள் கோயிலுக்கு வரவில்லை. ஆனால் செல்லன் மாமா வீட்டுக்கு மட்டும் விடுமுறை நாளில் வந்து கட்டு மாற்றிவிட்டுப் போவாள். ஒருநாள் அவருடைய வலது கணுக்காலில் அந்தக் கருவியை வைத்தவள் நெடுநேரம் எடுக்கவில்லை. சத்தம் குறைந்திருந்தது, விரலிடுக்கில் சின்னதாக ஒரு புண். மறுபடியும் டாக்டரம்மா, மறுபடியும் காத்திருப்பு. அங்கே இன்னும் அவர் ஒருத்தர்தான்.

இந்த ஆடியும் வந்துவிட்டது. நேற்றுக் காப்புக்கட்டு. செல்லன் மாமாவைச் சக்கர நாற்காலியில் வைத்து நான்தான் தள்ளிக்கொண்டு போனேன். பூசாரி எல்லாருக்கும் கட்டிக்கொண்டே வந்தார். செல்லன் மாமா கையை நீட்டியதும் தனபாலன் குறுக்கே வந்தார்.

"செல்லா, ஒனக்கு எதுக்கு? கரகமும் எடுக்க முடியாது. போன வருசம் பட்டது போதாதா? ஆத்தாகிட்ட வெளையாடாத லா."

"ஆத்தா மேல பழியப் போடாத தனபாலா" என்றார் செல்லன் மாமா. சத்தமாகத்தான் சொன்னார். மேளக்காரர்கள்கூட அடிப்பதை நிறுத்திவிட்டார்கள். "அவ ஏன் என் கால எடுக்கிறா? அங்க ஆள் இல்ல. ஒத்தப் பொம்பள டாக்டரு, காலைல இருந்து நின்னுக்கிட்டு. இன்னோராளு இருந்திருந்தா அந்தப் பையன் கால் மாதிரி என் காலும் தப்பியிருக்கும். இத நான் அங்க படுத்துக்கிட்டுப் பாத்தேன். நீ பாத்தியா?"

தனபாலன் ஓரடி பின்னால் போனார்.

செல்லன் மாமா அம்மனைப் பார்த்துக் கையை நீட்டினார். "தாயே, எல்லார் முன்னாலயும் சொல்லிடுறேன். காப்புக் கட்டிக்கிறேன். ஆனா லீலா கூப்பிட்டா போயிருவேன். போனவாட்டி மாதிரி ஒண்ணும் செய்யாம திருப்பி அனுப்பினாலும் பரவால்ல, அதுக்கப்புறமும் கூப்பிட்டா அப்பவும் போவேன்."

பூசாரி ஒரு நிமிடம் தனபாலனைப் பார்த்தார். தனபாலன் தட்டிலிருந்த மஞ்சள் கயிற்றை எடுத்துத் தானே பூசாரியிடம் கொடுத்தார்.

அதை லீலாவிடம் போனில் சொன்னேன்.  "இன்னும் தேதி கெடைக்கலடா" என்றாள். "கெடச்சா நானே அடிக்கிறேன். மாமாவ இன்னொரு கால நனைக்க வேணாம்னு சொல்லு."

சொன்னேன். அவர் தலையாட்டிக்கொண்டார். கைப்பேசியை மடியில் வைத்துக்கொண்டு பந்தலில் உட்கார்ந்திருக்கிறார். வேனை நான் கோயில் வாசலிலேயே, முகப்பைப் பாலத்துப் பக்கம் திருப்பி நிறுத்தி வைத்திருக்கிறேன்.