கெட்ட குமாரனுக்கு ஒரு அம்மா

என் கலை வாழ்க்கை பன்றியாகத் தொடங்கிப் பன்றியாகவே முடிந்தது. அரங்கேற்றம், ஓய்வு இரண்டும் ஒரே மாலையில், பட்டாபிராமில் எங்கள் தெருக்கோடி சர்ச் வளாகத்தில், விளைச்சலைக் காணிக்கையாகக் கொண்டுவந்து ஏலம் விடும் அறுப்பின் பண்டிகையன்று நடந்தேறின. அப்போது எனக்கு எட்டு வயது. அதே மேடையில்தான் என் அத்தையின் கலை வாழ்க்கையும் தொடங்கியது. அவளுடையது நீண்டது. அதற்கு நான்தான் காரணம் என்று இருபது வருடம் பீற்றிக்கொண்டேன்.

அத்தை என்றால் அப்பாவின் தங்கை. பாடியில் ஒரு தொழிற்சாலையில் திருகாணி பொறுக்குகிற வேலை. போகிற ரயிலிலும் பாட்டு, வருகிற ரயிலிலும் பாட்டு. அந்த வருடம் பண்டிகைக்கு, வீட்டைவிட்டுப் போய்ப் பன்றி மேய்த்து, கடைசியில் அப்பாவிடமே திரும்பும் கெட்ட குமாரனின் பைபிள் கதையைப் பாட்டு நாடகமாகப் போடுவதென்று முடிவாயிற்று. அத்தை வேடம் கேட்டாள். கதையில் பெண்ணே இல்லையே என்றார் போதகர்.

“அப்பா கீறாரு, ரெண்டு புள்ளைங்க கீறாங்க, பன்னி கூட கீது. அம்மா மட்டும் எங்க போனாங்க, ஐயா?”

போதகர் தாடையைச் சொறிந்தார். கெட்ட குமாரனுக்கு ஒரு அம்மா கிடைத்துவிட்டாள். வாசலில் நின்று மகனுக்காகக் காத்திருக்கும் பாட்டை அத்தையே கட்டினாள்.

அத்தை வேடம் கேட்டதற்குக் காரணம் இருந்தது. பட்டணத்துப் பாட்டு நாடகக் குழு ஒன்றில் கதாநாயகி கல்யாணமாகிப் போய்விட்டாளாம். கூட வேலை பார்க்கும் ஒருத்தி மூலம் சொல்லியனுப்பி, குழுவின் முதலாளியை நாடகம் பார்க்க வரவழைத்திருந்தாள் அத்தை. அவர் தலையசைத்தால் திருகாணிக்கு விடுதலை.

அப்பாவுக்கு இது பிடிக்கவில்லை. “கோயில்ல பாடு, வேணான்னு சொல்லல. நாடகக் கம்பெனியெல்லாம் நம்ம ஊட்டுக்கு ஆவாது” என்றுவிட்டார். சர்ச்சில் ஆர்மோனியம் வாசிப்பவரும் அவர்தான்.

“அண்ணா, சுருதிய ஒரே ஒரு கட்டை ஏத்திக் குடேன். தொண்டை தொறக்கவே மாட்டேங்குது.”

“சபையில பாடறதுக்கு இது போதும்.”

அந்தக் கீழ்ச்சுருதியில் அத்தையின் குரல், கிணற்றில் விழுந்த சொம்பு உள்ளேயிருந்து கூப்பிடுவதுபோல இருந்தது.

எங்கள் தெருவைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். சர்ச்சுக்கும் தண்டவாளத்துக்கும் நடுவில் ஒரு மதில்தான். சரக்கு வண்டி வந்தால் யாரும் கத்திப் பேசமாட்டோம். பாதி வார்த்தையில் அப்படியே நின்றுவிடுவோம். கடைசிப் பெட்டி போனதும் மீதிப் பாதி வரும். போதகர் “ஆகையால் பிரியமானவர்களே” என்று நின்றால், நாற்பது பெட்டி கழித்து “காணிக்கை” என்று தொடருவார். என் அம்மா மட்டும் அந்த நேரத்தில்தான் வாயைத் திறந்து அப்பாவைத் திட்டித் தீர்ப்பாள். வெளியே கேட்காதல்லவா!

பரங்கிக்காய் ஏலம் முடிந்து நாடகம் ஆரம்பித்தது. கரி பூசிய முகமும் கோணிப்பை உடம்புமாக என் பங்கை உறுமி முடித்துவிட்டு, திரையோரம் படுத்துக் கிடந்தேன். அத்தை வாசலில் வந்து நின்று பாடத் தொடங்கினாள். முன்வரிசையில் ஜிப்பா போட்ட முதலாளி கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

“கதவை நான் சாத்த” என்று அத்தை இழுத்தபோது மதிலுக்கு அப்பால் ஊதல். சரக்கு வண்டி!

ஆர்மோனியம் நின்றது. நீட்டிய கையோடு அத்தை நின்றாள். சபையே படம் பிடித்ததுபோல நின்றது. முதலாளிக்கு மட்டும் எங்கள் வழக்கம் தெரியாதே! பாட்டு மறந்துவிட்டது என்று நினைத்திருப்பார். காலடியிலிருந்த பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

ஐயோ, போகப்போகிறார்! நான் நாலு காலில் மேடையின் நடுவே ஓடினேன். ஓடும்போது பக்கவாட்டில் அப்பாவின் உதடு அசைவதைப் பார்த்தேன். அத்தை அவரையே பார்த்துத் தலையாட்டினாள். இந்த நேரத்திலுமா திட்டு என்று எரிச்சல் வந்தது. முதலாளியைப் பார்த்துக் கத்தினேன். வண்டிச் சத்தத்தில் எனக்கே கேட்கவில்லை. மூச்சைப் பிடித்து மறுபடி கத்தினேன். அதற்குள் கடைசிப் பெட்டி போய்விட்டிருந்தது.

“மறக்கல சார்! வண்டிக்காக நிக்கிறாங்கோ!”

பன்றி பேசியதைக் கேட்டு வளாகமே குலுங்கியது. “டேய், பன்னிக்கு இன்னா வாய் பாத்தியா!” என்றார் பரங்கிக்காயை ஏலம் எடுத்தவர். எனக்கு அழுகை முட்டியது. அத்தை அசரவில்லை. உட்கார்ந்து, என்னைக் கோணிப்பையோடு இழுத்து மடியில் போட்டு, மகனுக்கு முன்னால் அவன் மேய்த்த பன்றி வீடு வந்து சேர்ந்துவிட்டதுபோல என் தலையைத் தடவினாள்.

ஆர்மோனியம் விட்ட இடத்திலிருந்து எடுத்தது. ஆனால் விட்ட உயரத்தில் இல்லை. ஒரு கட்டை மேலே.

“வில்லை!” என்று எழும்பியது அத்தையின் குரல். அவள் விலா என் காதோரம் அதிர்ந்தது. மதிலைத் தாண்டி, போன வண்டியையே திரும்பக் கூப்பிடுவதுபோல இருந்தது. சிரித்துக்கொண்டிருந்தவர்கள் வாயை மூடினார்கள். முதலாளி பையைக் கீழே வைத்தார்.

அடுத்த மாதம் அத்தை திருகாணியை விட்டாள். பிறகு எத்தனையோ மேடை, எத்தனையோ ராணி வேடம். கடைசியில் சொந்தமாகவே ஒரு குழு. அவள் ஊர் திரும்பும்போதெல்லாம் சாப்பாட்டு நேரத்தில் என் பன்றிப் புராணத்தை எடுத்துவிடுவேன். கூடவே அப்பாவையும் சீண்டுவேன். நான் கரெக்டாகக் கத்தினேன், ஆனால் இத்தனை வருடம் வாசித்தவர் அன்றைக்குப் போய்க் கட்டை மாற்றி வாசித்துவிட்டாரே!

“வண்டி சத்தத்துல கை தவறிடுச்சுடா” என்பார் அப்பா.

அத்தை தலையைக் குனிந்து சோற்றைப் பிசைந்துகொண்டே இருப்பாள். வண்டிச் சத்தத்தில் அப்பாவின் உதடு அசைந்ததையும் அத்தை தலையாட்டியதையும் மறந்து, நானும் இருபது வருடம் நம்பினேன். பன்றிதானே, நம்பாமல் என்ன செய்யும்?