மாவுக்கார அம்மாளின் வீடு சந்திப்பு

"ஏந்திரு ஃபிரெடி. ஃபேனுக்கு நேரா கீற சேரு வூட்டுக்காரரோடது. வெளிய போய் மறுபடியும் வா."

"வேர்க்குது ஆன்ட்டி, கொஞ்ச நேரம் உக்காந்தா தப்பா?"

"அவரு ஃபேனு, அவரு கரண்ட் பில்லு. நீ ஜன்னலாண்ட ஒக்காரு."

ஒத்திகையில் நான்காவது முறையாக ஃபிரெடி வெளியே போகிறார். மென்பொருள் நிறுவனத்தில் முப்பது பேரை மேய்ப்பவர். மேற்குத் தாம்பரத்தில் ஞானசௌந்தரி அம்மாளின் முன்னறையில் அவருக்கு உட்காரத் தெரியவில்லை. அடுத்த மாதம் இவர்கள் சபையிலிருந்து ஐந்து பேர் மலாவி நாட்டுக்குப் போகிறார்கள். அங்கே கிராமத்துச் சபைகளை நடத்தப்போகும் இளைஞர்களுக்குப் பயிற்சி கொடுக்க வேண்டும். கொடுக்கப் போகிறவர்களுக்கு அம்மாள் பயிற்சி கொடுக்கிறார். பாடம் ஒன்றே ஒன்று: வீடு சந்திப்பு, அதாவது சபையாரின் வீட்டுக்குப் போய் நலம் விசாரித்து ஜெபித்துவிட்டு வருவது.

அம்மாளின் படிப்பு எட்டாம் வகுப்போடு சரி. கணவர் இறந்த பிறகு இட்லி மாவு வாளியைத் தூக்கிக்கொண்டு சிட்லபாக்கம் முழுக்க வாசல் வாசலாக ஏறி இறங்கியவர். இன்றைக்கு அவர் மாவு கேளம்பாக்கம் வரை கடைகளுக்குப் போகிறது. ஆறு கிரைண்டர், மூன்று வண்டி. "எந்த காலேஜுல இத்தினி கதவு கீது, சொல்லு" என்று போதகரிடமே கேட்பார். தற்பெருமைதான், ஆனால் பொய்யில்லை. மணியை அடித்துவிட்டு, உள்ளிருந்து வரும் காலடிச் சத்தத்தை வைத்தே அந்த வீட்டில் சண்டையா, காய்ச்சலா என்று சொல்லிவிடுவார். தாம்பரத்தில் பட்டதாரிகளுக்குப் பஞ்சமில்லை. ஒரு வீட்டுக்குள் நுழையத் தெரிந்தவர்கள் எத்தனை பேர்?

மலாவிக்குப் போகும் விமானத்திலும் அம்மாள் தன் வரிசையில் இருப்பவர்களின் சாப்பாட்டுத் தட்டுகளை எல்லாம் வாங்கி, துடைத்து, அடுக்கிப் பணிப்பெண்ணிடம் கொடுப்பார். ஜெபத்துக்கும் ஓர் அளவு வைத்திருக்கிறார்: "அடுப்புல சோறு பொங்கறதுக்குள்ள ஆமென் வந்துடணும்."

போன வருடம் மொழிபெயர்க்க அம்மாளுடன் மலாவிக்குப் போன ஜோசலினுக்கு அங்கே நடந்த ஒரு நாளைப் பற்றிச் சொல்லி மாளவில்லை.

சிகோண்டி, இருபத்திரண்டு வயது. அங்கே ஒரு கிராமத்துச் சபையை அவனிடம்தான் ஒப்படைப்பதாக இருந்தார்கள். அவனோ தேயிலைத் தோட்ட வேலைக்கே திரும்பிப் போவதாகச் சொன்னான். மகனைக் காய்ச்சலுக்குப் பறிகொடுத்த ஒரு பெண், மூன்று மாதமாக யாரோடும் பேசுவதில்லை. அவன் இரண்டு தடவை போய் உரக்க ஜெபித்தான். இரண்டு தடவையும் அவள் எழுந்து உள்ளே போய்விட்டாள். அதோடு அவன் மனம் விட்டுப்போயிற்று. அவனும் போய்விட்டால் அந்தச் சபையைப் பூட்டுவதைத் தவிர வேறு வழியில்லை.

"வாடா, நான் கூட வரேன். மாவே வேணாம்னு கதவ சாத்துனவங்களுக்கே மாவு வித்தவ நானு" என்று அம்மாள் கிளம்பினார்.

முற்றத்தில் அந்தப் பெண் மக்காச்சோளம் உதிர்த்துக்கொண்டிருந்தாள். சிகோண்டி மண்ணில் உட்கார்ந்தான். தானும் ஒரு கதிரை எடுத்து உதிர்த்தான். ஒரு கூடை நிறைந்தது. பேச்சில்லை. அம்மாளுக்கு இருப்புக்கொள்ளவில்லை.

"இன்னாடீ, இவன் வாயே தொறக்க மாட்டான் போல கீது? ஜெபம் பண்ண சொல்லு."

ஜோசலின் ஆங்கிலத்தில் கிசுகிசுத்தாள். அவன் தலை நிமிராமலே ஏதோ சொன்னான்.

"இப்ப முடியாதாம் ஆன்ட்டி."

"என் கைலயே முடியாதுன்றானா?"

இரண்டாவது கூடை பாதி நிறைந்தபோது அந்தப் பெண் ஒரே ஒரு சொல் சொன்னாள். மகனின் பெயர். சிகோண்டி அதை மெதுவாகத் திருப்பிச் சொன்னான். அப்போதுதான் அவள் கை நின்றது. அழுதாள். பிறகு பேசினாள், மரநிழல் முற்றத்தைத் தாண்டிப் போகும்வரை பேசினாள். முடிவில் ஜெபிக்கச் சொல்லி அவளே கேட்டாள். அவன் ஜெபித்தது நாலே வரி.

வெளியே வந்ததும் சிகோண்டி தேயிலைத் தோட்டத்துப் பாதையைப் பார்க்கவில்லை. அடுத்த வீட்டுக்கு நடந்தான். அம்மாள் இரண்டடி பின்னால் நடந்தார். வேலியருகே அவன் படலைத் திறந்து, அவர் முதலில் போகட்டும் என்று பிடித்துக்கொண்டு நின்றான்.

அம்மாள் அவன் முதுகில் கை வைத்து உள்ளே அனுப்பிவிட்டு, வெளியே நின்று படலைச் சாத்தினார்.